ரங்கூனிலிருந்து நான் எழுதிய கிறிஸ்துமஸ்

மேலப்புதூர்,
திருச்சிராப்பள்ளி.

அன்புள்ள தம்பிக்கு,

நானும் அம்மாவும் சுகம். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் வருவது படிக்கச் சுகமாக இருக்காது. வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் இதற்கு மேல் படிக்காதே. திரும்பி வந்து, வயிற்றுக்கு ஏதாவது போட்டுக்கொண்டு, உட்கார்ந்து படி. தகப்பன் கடிதம் என்றால் புத்திமதி இருக்கும் என்று நினைப்பாய். இதில் இருப்பது என் குற்றம். இருபத்தைந்து வருஷமாக உன் அம்மாவிடம்கூடச் சொல்லாதது. பாவசங்கீர்த்தனத்தில், மண்டியிட்டுப் பாவங்களை ஒப்பிக்கிற இடத்தில், சுவாமியாரிடமும் முழுசாகச் சொல்லாதது.

உன் கிறிஸ்துமஸ் கடிதம் பொங்கல் கழிந்த மறுநாள் வந்தது. உன் அம்மா அதை இரண்டு தரம் படித்தாள். பிறகு எடுத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனாள். அங்கே அவள் சத்தமாகப் படித்தது இங்கே எனக்குக் கேட்டது. வாத்துக் கறி, பன்றித்தொடை, உலர்ந்த திராட்சை போட்ட கேக், வெள்ளிக் கரண்டிகள், முப்பது பேர் உட்கார்ந்த மேஜை, சாப்பாட்டுக்குப் பின் பியானோ. "உங்க பிள்ளைக்கு என்னங்க, ராஜா வீட்டுச் சாப்பாடு" என்று யாரோ சொன்னார்கள். உன் அம்மா சிரித்தாள். நான் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். தை மாதக் குளிரில் என் முதுகில் சட்டை ஒட்டிக்கொண்டது. அந்தக் கடிதம் எனக்குத் தெரியும், தம்பி. அதை நானே ஒரு தடவை எழுதியிருக்கிறேன்.

யுத்தம் முடிந்தும் அங்கே மான்செஸ்டரில் சர்க்கரைக்கும் இறைச்சிக்கும் இன்னும் ரேஷன் கூப்பன்தான் என்று பத்திரிகைக்காரன் வாரம் தவறாமல் போடுகிறான். அது மட்டும் என்றால், ஏதோ பெரிய இடம் போலிருக்கிறது என்று நம்பியிருப்பேன். உன் கடிதத்தில் பதினோரு பண்டங்களுக்குப் பெயர் இருக்கிறது. ஒரு மனிதருக்குக்கூடப் பெயர் இல்லை. விருந்து சாப்பிட்டுவிட்டு வந்தவன் அப்படி எழுதமாட்டான். யாரோ குழம்பை மடியில் கொட்டிக்கொண்டதை எழுதுவான். யாரோ ஒரு பெரியவர் வாயில் கவளத்தோடு தூங்கிப்போனதை எழுதுவான். நான் நினைப்பது தப்பாக இருந்தால் என்னை மன்னித்துவிடு. அதைவிட எனக்குச் சந்தோஷம் வேறில்லை. தப்பாக இல்லையென்றால் மேலே படி.

எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது. ரங்கூனில் ஓர் அரிசி மில் ஆபீஸில் குமாஸ்தாவாகப் போய்ச் சேர்ந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. வீட்டை விட்டு, கடலைத் தாண்டி, எனக்கு அதுதான் முதல் கிறிஸ்துமஸ். இங்கே நம் வீட்டில் டிசம்பர் பிறந்தாலே உன் அத்தை களிமண்ணில் ஆடு மாடு செய்து வெயிலில் காயவைப்பாள். மூங்கில் சிம்பில் நட்சத்திரம் கட்டுவது என் வேலை. பட்டணத்துக்குள் எந்தச் சந்தில் நுழைந்தாலும் முறுக்கு வேகிற வாசனை அடிக்கும். ரங்கூனில் அந்த மாதம் மழையும் இல்லை, குளிரும் இல்லை, வாசனையும் இல்லை. ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்ததும் கோவில் முற்றத்தில் நான் வேண்டுமென்றே தாமதித்து நிற்பேன். தமிழ்க் குடும்பங்கள் பத்துப் பன்னிரண்டு அங்கே வரும். யாராவது, "தனியாவா இருக்கீங்க, பண்டிகைக்கு நம்ம வீட்டுக்கு வந்துடுங்க" என்று சொல்லமாட்டார்களா என்று நிற்பேன். மூன்று ஞாயிறு நின்றேன். யாரும் சொல்லவில்லை. அவர்கள் மேல் குற்றம் இல்லை. என்னை அவர்களுக்குத் தெரியாது. கேட்டிருந்தால் அழைத்திருப்பார்கள். கேட்க வெட்கப்பட்டேன்.

நான் தங்கியிருந்தது ஒரு மரவீட்டின் மாடி. நீளமாக ஒரு நடை, அதன் ஓரமாக ஆறு அறைகள். எல்லாம் ஆபீஸ் வேலைக்கு வந்த தமிழ் ஆட்கள். என் பக்கத்து அறையில் இருந்தவர் பெயர் வரதன். ஸ்ரீரங்கத்துக்காரர், என் வயதுதான், கணக்கு ஆபீஸில் வேலை. அவருடைய தகப்பனார் கோஷ்டியில் நின்று பாசுரம் சேவிப்பவர். பெருமாளுக்கு முன்னால் பத்து இருபது பேர் இரண்டு வரிசையாக நின்று ஒரே குரலில் சொல்வார்கள் அல்லவா, அந்தக் கூட்டம். மகன் கடல் தாண்டுவதே அவர் வீட்டில் பெரிய சங்கடமாகியிருந்தது. கையால் சமைத்துத்தான் சாப்பிட வேண்டும், வேறு யார் வீட்டிலும் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது, திரும்பி வந்ததும் பிராயச்சித்தம் செய்துகொள்ள வேண்டும் என்று சத்தியம் வாங்கிக்கொண்டு அனுப்பியிருந்தார்கள். வரதன் அதை ஒரு நாள்கூட மீறவில்லை. தன் அறைக்குள் கரி அடுப்பில் சமைத்துக்கொள்வார். நான் வாசல்படிக்கு வெளியே நின்று பேசுவேன், அவர் உள்ளே நின்று பேசுவார். அதில் எங்கள் இருவருக்கும் மனக்குறை இருந்ததில்லை. ஊர்ப்பேச்சு பேச ஓர் ஆள் கிடைத்ததே பெரிதாக இருந்தது. அவர் கோபுரத்தைச் சொல்வார். நான் மலைக்கோட்டையைச் சொல்வேன். நடுவில் காவிரியில் இந்த வருஷம் எவ்வளவு தண்ணீர் வந்தது என்பதில் இருவரும் ஒன்றாகிவிடுவோம்.

கிறிஸ்துமஸுக்கு மூன்று நாள் முன்னால் எனக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. நடுராத்திரிப் பூசைக்குப் போக முடியவில்லை. காலையில் கோவில் மணி கேட்டுக்கொண்டு படுத்திருந்தேன். வரதன் மார்கழிக் குளியல் முடித்து, திருமண் இட்டுக்கொண்டு, என் வாசலில் வந்து நின்றார்.

"என்ன ஓய், இன்னிக்கு உங்க பண்டிகையாச்சே. கோவிலுக்குப் போகலையா?"

"எழுந்திருக்க முடியலைங்க."

"உங்க சுவாமி பொறந்த நாளும் அதுவுமா அறைக்குள்ள முடங்கிக் கிடந்தா வியாதிதான் ஜாஸ்தியாகும். எழுந்திரும். நான் கூட வரேன்."

குளித்து மடியாக நின்ற மனிதர் என்னைத் தோளில் சாய்த்துக்கொண்டு மாடிப்படி இறங்கினார். ரிக்‌ஷா பிடித்துக் கோவில் வாசலில் விட்டார். உள்ளே வரவில்லை, எதிர்ச் சாரியில் பழக்கடை ஓரம் வெயிலில் நின்றார். பூசை ஒன்றரை மணி நேரம். முடிந்து வெளியே வந்தபோது அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தார். வீட்டுக்கு வந்து மறுபடி தலைக்குக் குளித்தார். பிறகு மிளகு ரசம் வைத்தார், சோற்றைக் குழைய வடித்தார், "பண்டிகைன்னா தித்திப்பு இல்லாம எப்படி" என்று கொஞ்சம் சர்க்கரைப் பொங்கலும் செய்தார். என் தட்டில் படாமல் உயரத்திலிருந்து பரிமாறினார். என்னோடு அவர் சாப்பிடவில்லை. நான் சாப்பிட்டு முடிக்கும்வரை வாசல்படிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. அவர் பார்க்காததுபோலத் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

என் கிறிஸ்துமஸ் அதுதான், தம்பி. அதை அப்படியே எழுதியிருந்தால் போதும். என் வாழ்நாளில் எனக்கு ஒருவர் கொண்டாடிக் கொடுத்த பண்டிகைகளில் அதைவிட நல்லது ஒன்று இல்லை என்று இப்போது தெரிகிறது. அன்று அது எனக்கு அவமானமாகப்பட்டது. கிறிஸ்தவன் ஒருவன்கூட என்னைக் கூப்பிடவில்லை, பக்கத்து அறை ஐயங்கார் ரசம் ஊற்றினார் என்று எப்படி எழுதுவது? உன் தாத்தா இங்கே கோர்ட்டில் குமாஸ்தா. 'ரங்கூனில் இருக்கிறான் என் மகன்' என்று சொல்லிக்கொள்வதில் அவருக்கு இருந்த பெருமை எனக்குத் தெரியும். மறுநாள் காய்ச்சல் விட்டதும் உட்கார்ந்து எழுதினேன். என் இடத்தில் பன்னிரண்டு பேருக்கு விருந்து வைத்தேன் என்று எழுதினேன். பிரியாணி, வாத்து, கேக், ஒயின். எழுதிவிட்டுப் படித்துப் பார்த்தேன். எனக்கே நம்பிக்கை வரவில்லை. பொய் நிற்க ஒரு நிஜப் பெயர் வேண்டியிருந்தது. 'ஸ்ரீரங்கத்துக் கோஷ்டி ஐயங்கார் மகன் வரதன்கூட ஆசாரத்தை மூட்டைகட்டி வைத்துவிட்டு நம் இடத்தில் கை நனைத்தார். கறியை இரண்டாம் தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்' என்று சேர்த்தேன். எழுதும்போது சிரித்தேன் என்றுகூட ஞாபகம்.

உறையை ஒட்டி வைத்திருந்தேன். வரதன் நடையில் போனார். "போஸ்ட் ஆபீஸ் பக்கம்தான் போறேன். கொடும், போட்டுடறேன்" என்று கை நீட்டினார். கொடுத்தேன். அவரே கொண்டுபோய்ப் போட்டார்.

உன் தாத்தா அந்தக் கடிதத்தைக் கோர்ட்டில் மத்தியான இடைவேளையில் படித்துக் காட்டியிருக்கிறார். அவர் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை; மகன் சீரும் சிறப்புமாக இருக்கிறான் என்ற சந்தோஷம். கேட்டவர்களில் ஸ்ரீரங்கத்துக்காரர்கள் இரண்டு பேர் இருந்தார்கள். அன்று சாயங்காலமே அது காவிரிப் பாலம் தாண்டிவிட்டது. வரதனுடைய தங்கைக்கு அந்தத் தை மாதம் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. பிள்ளை வீட்டார் நிறுத்திவிட்டார்கள்.

மாசி மாதம் ஒரு காலையில் வரதன் என் வாசலில் வந்து நின்றார். கையில் அவர் அப்பாவின் கடிதம். என்னைத் திட்டவில்லை. நான் எழுதினேனா என்றுகூடக் கேட்கவில்லை.

"யாரோ ஏதோ கதை கட்டிவிட்டுட்டா ஓய். நான் உம்ம இடத்துல மாமிசம் சாப்பிட்டேனாம். நான் சாப்பிடலைன்னு அப்பாவுக்கு எழுதிட்டேன். ஆனா பிள்ளை பேச்சை ஊர் நம்பாது. நீர் ஒரு வரி எழுதிப் போடும். சாப்பிடலைன்னு. அது போதும்."

"எழுதிடறேங்க" என்றேன்.

மூன்று தரம் எழுதினேன், மூன்று தரம் கிழித்தேன். 'உங்கள் மகன் சாப்பிடவில்லை' என்று எழுதினால் நான் எழுதிய விருந்து பொய் என்றாகிவிடும். அது ஸ்ரீரங்கத்திலிருந்து கோர்ட்டுக்குத் திரும்பி வரும். உன் தாத்தா அங்கே தன் மேஜைக்கு முன்னால் தலைகுனிந்து உட்காருவார். என் அப்பாவைக் காப்பாற்றினேன் என்று வெகு காலம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். காப்பாற்றியது என்னைத்தான். கடைசியில் ஒரு கடிதம் எழுதி அனுப்பினேன்: 'தங்கள் குமாரர் வரதன் மிகவும் நற்குணமுடையவர், பிறருக்கு உதவுகிறவர், அவரைப் பற்றித் தாங்கள் கவலைகொள்ள வேண்டியதில்லை.' அவ்வளவுதான். சாப்பிட்டாரா இல்லையா என்பதைப் பற்றி அதில் ஒரு சொல் கிடையாது. ஒன்றும் எழுதாமல் இருந்திருந்தால்கூட அவருக்கு நல்லதாகப் போயிருக்கும். வாத்தியாரிடம் வாங்குகிற நற்சாட்சிப் பத்திரம் போல இருந்தது அது. அந்தக் கடிதத்தைப் படித்தவர்கள் எல்லாரும், கிறிஸ்தவன் மழுப்புகிறான், அப்படியானால் நடந்தது நிஜம்தான் என்று முடிவுகட்டிவிட்டார்கள்.

வரதன் சித்திரையில் லீவு போட்டு ஊருக்குப் போனார். வழியனுப்பக் கப்பலடிக்கு நான் போகவில்லை. ஆபீஸில் வேலை என்று சொன்னேன். அவர் ரங்கூனுக்குத் திரும்பவே இல்லை. அந்த வருஷம் ஈஸ்டருக்கு முந்தின பெரிய வியாழனுக்கு முன்னால் நான் பாவசங்கீர்த்தனம் செய்தேன். 'பொய் சொன்னேன், ஜெபம் தவறினேன், கோபப்பட்டேன்' என்று சேர்த்துச் சொன்னேன். ஒரு மனிதரின் பெயரில் பொய் எழுதினேன், கேட்டபோது திருத்த மறுத்தேன் என்று சொல்லியிருந்தால் சுவாமியார் அந்தக் குடும்பத்துக்கு உண்மையை எழுதி உத்தரிக்கச் சொல்லியிருப்பார். அதற்குப் பயந்து சொற்களைப் பார்த்துப் பொறுக்கினேன். சர்வேசுரனிடமே மழுப்பினேன்.

மூன்று வருஷம் கழித்து நானும் ஊர் திரும்பினேன், ரயில்வே ஆபீஸில் வேலை கிடைத்தது, கல்யாணம், நீ பிறந்தாய். நம் வீட்டிலிருந்து ஸ்ரீரங்கம் நாலைந்து மைல். நான் ஒரு நாளும் போனதில்லை. 'அப்பாவுக்கு ஏன் அந்தப் பக்கம் பிடிக்காது' என்று நீ அம்மாவிடம் கேட்பாய். உனக்குப் பத்து வயது இருக்கும்போது நடந்ததை நீ மறந்திருக்கமாட்டாய். உன் வகுப்பில் படித்த ஸ்ரீரங்கத்துப் பையனைக் கிறிஸ்துமஸ் அன்று வீட்டுக்கு அழைத்து வந்தாய். உன் அம்மா அதிரசமும் முறுக்கும் வைத்துக் கொடுத்தாள். நான் உள்ளேயிருந்து வந்து அந்தப் பிள்ளையின் கையிலிருந்து தட்டைப் பிடுங்கினேன். 'வீட்டுக்குப் போ' என்றேன். அவன் முகம் எப்படிப் போயிற்று என்று எனக்கு ஞாபகம் இருக்கிறது. நீ மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நான் பிற சாதியாரை வெறுப்பவன், திமிர் பிடித்தவன் என்று அப்போது முடிவுசெய்தாய்; பெரியவனான பிறகு ஒரு சண்டையில் அதை என் முகத்துக்கு நேரே சொன்னாய். நான் மறுக்கவில்லை. எனக்கு இருந்தது பயம், தம்பி. நம் வீட்டில் அந்தப் பையன் சாப்பிட்டான் என்று எவனாவது பாலம் தாண்டிப்போய்ச் சொல்வான் என்ற பயம். அதை விளக்கப் போனால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டியிருக்கும். திமிர் பிடித்தவன் என்ற பெயரே மேல் என்று இருந்துவிட்டேன்.

உன் கடிதம் வந்த வாரத்திலேயே, சனிக்கிழமை மத்தியானம் ஸ்ரீரங்கத்துக்குப் பஸ் ஏறினேன். வரதன் இப்போது அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். வீட்டைக் கண்டுபிடிக்கச் சிரமம் இருக்கவில்லை. கூடத்தில் உட்கார்ந்து பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. என்னை உடனே தெரிந்துகொண்டார்.

"வாரும். ஒரு பாலத்தைத் தாண்ட இவ்வளவு வருஷமா ஆச்சு?"

நான் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டார்.

"தெரியும்" என்றார்.

"எப்பத்திலேர்ந்துங்க?"

"நீர் அப்பாவுக்கு எழுதின லெட்டரை நான் இங்கே வந்து படிச்ச அன்னிக்கே. முதல்ல எழுதின பொய்க்காக எனக்கு வருத்தமில்லை ஓய். ஜுரத்துல கிடந்த பிள்ளை, ஆத்துல பெருமைப்படட்டும்னு ஏதோ கிறுக்கிட்டான். அதை விட்டுடலாம். ஒரு வரி கேட்டேனே. அதை நீர் எழுதலை."

தங்கைக்கு அடுத்த வருஷமே வேறு இடத்தில் கல்யாணம் ஆகி, நாலு குழந்தைகளோடு கும்பகோணத்தில் நன்றாக இருக்கிறாளாம். அதைக் கேட்டு எனக்கு மூச்சு வந்தது. அதை அவர் கவனித்திருக்க வேண்டும். பிறகுதான் தகப்பனாரைப் பற்றிச் சொன்னார். அவரை யாரும் கோஷ்டிக்கு வரக் கூடாது என்று சொல்லவில்லை; கூப்பிடக்கூடச் செய்தார்களாம். அவர்தான், "என் பிள்ளை விஷயம் தெளியட்டும், அப்புறம் வரேன்" என்று விலகி, தூணோரம் நின்று வாய் திறக்காமல் கேட்டுவிட்டுத் திரும்புவாராம். அறுபது வயதுவரை ஒரு மார்கழிகூடத் தவறாமல் சேவித்த மனிதர். விஷயம் தெளியவில்லை. மூன்று மார்கழி அப்படியே நின்றார். நாலாவது மார்கழிக்கு அவர் இல்லை.

"நான் இப்ப எழுதித் தரேங்க. யாருக்கு வேணும்னாலும். வீதியில நின்னு சொல்லச் சொன்னாலும் சொல்றேன்" என்றேன்.

"யாருக்கு? அன்னிக்குப் பேசினவா முக்கால்வாசி போயிட்டா. மிச்சம் இருக்கிறவா மறந்துட்டா. இப்ப நீர் எழுதினா ஞாபகப்படுத்தினதாத்தான் ஆகும்." கொஞ்ச நேரம் தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தார். "உமக்குக் குழந்தைகள்?"

"ஒரு பையன்."

"அவனுக்கு இது தெரியுமோ?"

"தெரியாதுங்க."

"அவன் கிட்ட சொல்லும். நம்மை நல்லவன்னு நினைச்சிண்டிருக்கிறவா கிட்ட சொல்றதுதான் கஷ்டம். எங்கே இருக்கான்?"

"மான்செஸ்டர்ல. இன்ஜினியரிங் வேலை கத்துக்கறான்."

"அடே, அவ்வளவு தூரமா? கிறிஸ்துமஸுக்குத் தனியா என்ன பண்ணினான், பாவம்?"

வாத்துக் கறி, முப்பது பேர் என்று என் நாக்கின் நுனிவரை வந்துவிட்டது. அந்த மனிதருக்கு முன்னால், அந்தக் கூடத்தில் நின்றுகொண்டு. "தெரியலைங்க" என்று சொல்லி நிறுத்திக்கொண்டேன்.

"கேட்டு எழுதும்" என்றார். மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கிளம்பும்போது "போயிட்டு வாரும்" என்றார். அது எல்லாருக்கும் சொல்கிற வார்த்தையா, மறுபடி வரச் சொன்னாரா என்று எனக்குத் தெரியவில்லை. பஸ்ஸில் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன்.

நல்லவேளை, உன் கடிதத்தில் நீ யார் பெயரையும் இழுக்கவில்லை. அந்த அளவில் நீ என்னைவிட மேல். ஆனால் ஒன்று சொல்கிறேன். பண்டிகை நாளில் தனியாக இருப்பதில் அவமானம் ஒன்றும் இல்லை, தம்பி. எனக்கு அது இருந்ததாகத் தோன்றியது. அதை மறைக்கப் போய்த்தான் நிஜமான அவமானத்தைத் தேடிக்கொண்டேன். அடுத்த வருஷம் கோவில் முற்றத்தில் நின்றால், யாரும் கூப்பிடவில்லையென்றால், நீயாகப் போய், "நான் தனியாக இருக்கிறேன்" என்று ஒருவரிடம் சொல். யாராவது ஒருவர் உனக்கு ரசம் ஊற்றினால், ஊற்றினவர் பெயரை எங்களுக்கு எழுது.

இதை உறையில் போடுவதற்கு முன்னால் உன் அம்மாவிடம் முழுக்கப் படித்துக் காட்டினேன். என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் கேட்டது ஒன்றுதான்.

"அப்படின்னா பிள்ளை அன்னிக்கு என்னங்க சாப்பிட்டான்?"

அதற்குப் பதிலை நீ எழுது.

உன் அப்பா